ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்த பாடம்

பசுமலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகும் பயிற்சி மையத்தில், மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். "ஒங்கம்மாவுக்கு என்னதான் ஆச்சு? ஆஸ்பத்திரியில வச்சு என்னமோ பாடம் நடத்துச்சாமே?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லும்போது அழுகை வராததால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் எழுதிவிட்டேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி பெயர் பூபதி. பதினாறு வயது. ஆட்டிசம். தண்ணி, தா, வேணாம், அம்மா. பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான் வரும். சின்னதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கொஞ்ச நாளில், "வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கம்மா, இவனுக்கு என்ன தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து கீழக்குயில்குடி போகிற வழியில் இருக்கும் எங்கள் இரண்டு ரூம் வீடுதான் பள்ளிக்கூடம். அம்மாதான் டீச்சர்.

அம்மா சொல்லிக்கொடுக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மையத்தில் கற்றுக்கொண்டதுதான். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டை முதலில் சொல்லிக்கொடுப்பது. சட்டை போடுவது என்றால் எல்லாப் பித்தானையும் அம்மா போட்டுவிடுவாள், கடைசிப் பித்தான் மட்டும் அவன் போட வேண்டும். போட்டதும் கை தட்டு, ஒரு துண்டு கடலை மிட்டாய். அது பழகியதும் கடைசி இரண்டு பித்தான். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். "எந்த வேலைன்னாலும் முடிச்சது அவன்னு இருக்கணும்டி. அப்பத்தான் அடுத்த நாளும் வருவான்" என்பாள். பல் விளக்க, சோறு போட்டுச் சாப்பிட, குழாயை மூட, எல்லாம் அப்படித்தான் படித்தான். குழாய் மூடுவது அவனுக்கு ரொம்பவே பதிந்துவிட்டது. எங்கே தண்ணீர் சொட்டினாலும் சாப்பாட்டில் இருந்து எழுந்து போய் மூடிவிட்டுத்தான் வருவான்.

அம்மாவுக்கு முதலில் கண்தான் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று நினைத்து கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து குடித்தாள். உப்பில்லாமல் சாப்பிட்டாள். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பை வைத்து முதுகைச் சொறியச் சொல்வாள். தோல் சிவந்துபோகும், "இன்னும் அழுத்து" என்பாள். அப்புறம்தான் ஸ்கேன்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலில் ஊறும் பித்தம் ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்குப் போகவேண்டும். அந்தக் குழாயில் ஒரு கட்டி. பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் மஞ்சளும் அரிப்பும். கட்டி கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் அறுத்து எடுக்க முடியாது. இப்போதைக்கு ஸ்டென்ட் வைக்கலாம். ஸ்டென்ட் என்றால் பேனா ரீபிள் மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். வாய் வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, அடைத்த இடத்தில் அதைச் செருகிவிடுவார்கள். பித்தம் வடியும், அரிப்பு குறையும். "கட்டி அப்பிடியேதான் இருக்கும். அதப் புரிஞ்சுக்கங்க" என்றார்.

அப்பா புரிந்தது என்று தலையாட்டினார். வெளியே வந்ததும், "என்னம்மா சொன்னாரு அவரு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வார்டுக்குள் போனேன். அம்மா, "என்னடி சொன்னாரு?" என்றாள்.

"மஞ்சள் எறங்கணுமாம். கொஞ்ச நாளாகுமாம்."

"பொய் சொல்றப்ப ஒனக்குக் கொரலு சின்னதாப் போயிருது. சரி, போயி டீ வாங்கிட்டு வா."

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

காத்திருப்பதுதான் ஆஸ்பத்திரியில் பெரிய வேலை. ரத்தம் எடுக்கும் இடத்தில், ஸ்கேன் அறைக்கு வெளியே, மருந்து கொடுக்கும் ஜன்னலில். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தன் கதையைச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், எதுவும் உள்ளே போகாது. ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா, அதாவது பித்தான் ஓட்டை, எடுக்கும் வேலை எனக்கு. மெஷின் சத்தத்தில் இருக்கும்போது காது அடைத்துக்கொள்ளும், அந்த மாதிரியே இருந்தது. ராத்திரியில் தரையில் பாய் விரித்து அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வேன். தூக்கம் வந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். மல்லிகை வாசம் அவர் சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். நோய் வந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்த வாசம் பட்டாலே குமட்டியது. அவள் ஒரு தடவை வாந்தி எடுத்ததைப் பார்த்த அப்பா, மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்துக் குளித்துவிட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வந்தார். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான், "என்ன, சோப்பு வாசமா இருக்கீங்க, புது மாப்ள கணக்கா" என்றாள். அப்பா ஹார்லிக்ஸ் ஆற்றினார்.

வீட்டில் தம்பியை மாமா பார்த்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெயிண்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. தம்பி முதல் இரண்டு நாள் அம்மாவின் சேலையை வாசற்படியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் சாப்பிட ஆரம்பித்துவிட்டான் என்று மாமா போனில் சொன்னார்.

ஸ்டென்ட் வைத்ததும் அம்மாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மஞ்சள் குறைந்தது, அரிப்பு விட்டது. அந்த நேரத்தில்தான் பெரியப்பா பார்க்க வந்தார். அப்பாவின் அண்ணன். கெட்டவர் இல்லை, மருந்துச் செலவில் பெரும்பங்கு அவர் கொடுத்ததுதான். வார்டு வாசலில் நின்று அப்பாவிடம் பேசினார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"ஒளிச்சுப் பேசி என்னடா ஆகப்போகுது. நாளைக்கு ஒண்ணுன்னா கொள்ளிக்கொடத்த நம்ம ரமேசு தூக்கிருவான். அவன்ட்டயும் சொல்லிட்டேன். பூபதிப் பயலுக்கு என்ன தெரியும்? கூட்டத்தப் பாத்தாலே காதப் பொத்திக்கிட்டு ஓடுவான்."

ரமேசு பெரியப்பாவின் மகன். அப்பா, "பாத்துக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னார்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பெரியப்பா உள்ளே வந்து ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "தைரியமா இரும்மா" என்று சொல்லிப் போனார். அவர் படி இறங்கும் வரைக்கும் அம்மா பேசவில்லை. அப்புறம், "ஜோதி, நாளைக்குப் பூபதியக் கூட்டிட்டு வரச் சொல்லு. ஒரு பாடம் இருக்கு" என்றாள்.

"என்ன பாடம்?"

"கொடம் தூக்குறது."

"எந்தக் கொடம்?"

"அந்தக் கொடந்தான்."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

"பல்லு வெளக்கவே எம்புட்டு நாளு புடிச்சுச்சு அவனுக்கு. இதுக்கு அம்புட்டு நாளு கெடைக்காது. நாளைக்கே வரச் சொல்லு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

மறுநாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் மாமா தம்பியைக் கூட்டி வந்தார். வார்டுக்குள் நடந்து பழக இடம் கிடையாது. நான் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் படிக்கட்டுப் பக்க வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். தம்பி ஓடிவந்து அம்மாவின் தலையை மோந்து பார்த்தான். அவன் ஆசையைக் காட்டுவது அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசம் அடித்திருக்கும்போல, இரண்டாவது தடவையும் மோந்து பார்த்தான்.

அம்மா மாமாவிடம் கேட்டாள். "டேய், நம்ம அப்பாவுக்கு நீதான தூக்குன. கடேசில என்ன செய்யணும்?"

"அக்கா, கொஞ்சம் வாய மூடுக்கா."

"மூடுறதுக்கு நாளு கெடக்கு. கடேசி என்னன்னு சொல்லு."

மாமா தரையைப் பார்த்தார். "கொடத்தப் போட்டு, கொள்ளி வச்சிட்டு, திரும்பிப் பாக்காம நடந்து வந்துறணும்."

"அப்ப அதுலருந்து ஆரம்பிப்போம்."

மாமாவை வராண்டாவின் அந்தக் கடைசியில் கடலை மிட்டாயோடு நிற்கச் சொன்னாள். தம்பி அம்மா பக்கத்திலிருந்து கிளம்பி, திரும்பிப் பார்க்காமல் மாமாவிடம் போகவேண்டும். திரும்பினால் மிட்டாய் கிடையாது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் இத்தனை வருசமாக எந்தப் பாடத்திலும் அவன் நாலு எட்டு வைத்ததும் திரும்பி அம்மா முகத்தைத்தான் பார்ப்பான், சரியா என்று. அன்றைக்கும் திரும்பினான். மறுபடி, மறுபடி. மிட்டாய் கிடைக்காமல் கையைக் கடித்துக்கொண்டான். அம்மா வியர்த்துப்போய், "நாளைக்குப் பாப்போம் சாமி" என்றாள்.

தினமும் மாலை இப்படி நடந்தது. அம்மாவுக்கு முடியாத நாளில் மட்டும் இல்லை. ஒரு நாள் அவன் பாதி தூரம் வரை திரும்பவில்லை. இன்னொரு நாள் கடைசி வரைக்கும் போய்விட்டான். அம்மா கை தட்டினாள், சத்தமே வரவில்லை. "நீ தட்டுடி" என்றாள். நான் தட்டினேன்.

அதோடு விடவில்லை. அவன் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். "பூபதி!" என்பாள். "சாமி, இங்க பாரு!" என்பாள். திரும்பினால் மிட்டாய் இல்லை.

"கூப்புட்டுட்டுத் திரும்பக் கூடாதுன்னா எப்பிடிம்மா? அவனுக்குக் கொழம்பாதா?" என்று கேட்டேன்.

"அங்க எல்லாரும் அழுதுக்கிட்டு அவம் பேரச் சொல்லுவாங்க. சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? திரும்பிட்டான்னா, பாத்தியா இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு ஒங்க பெரியப்பா சொல்லுவாரு."

அதுவும் ஒரு நாள் வந்தது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நேராகப் போனான். மாமா மிட்டாயைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்து குடம். வெளியே கடையில் சின்ன பிளாஸ்டிக் குடம் வாங்கி, பாதித் தண்ணீர் நிரப்பி, இடது தோளில் வைத்துக் கொடுத்தோம். யாரைச் சுற்றுவது என்று மாமா கேட்டபோது, "இதென்னடா கேள்வி, என்னயத்தான்" என்றாள். சக்கர நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாள். அவன் சுற்றினான். பின்னாலிருந்து முன்னால்தான்: முதலில் கடைசிச் சுற்று மட்டும், அப்புறம் கடைசி இரண்டு, அப்புறம் மூன்றும்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன வெளாட்டு இது? பாக்கவே நல்லாயில்ல" என்றார்.

"வெளாட்டு இல்லத்தா. பையனுக்குப் பரிச்ச வருது."

"என்னைக்கு?"

"தேதி சொல்லல" என்றாள் அம்மா.

முதல் நாள் அவன் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டபோது சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. தண்ணீர் படிக்கட்டில் ஓடியது. நர்ஸ் ஓடிவந்தார். "என்னம்மா நீங்க? உள்ள ஹார்ட் பேஷன்ட் படுத்திருக்காங்க. யாராவது வழுக்கி விழுந்தா நானா பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். விவரத்தைச் சொன்னோம். "சரி, போடாம எறக்கி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவரே துடைப்பம் எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டார். அதிலிருந்து அவன் குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நடப்பான். "அன்னைக்கு யாராச்சும் தட்டி விட்டுக்கிறட்டும்" என்றாள் அம்மா.

அப்பாவிடமும் சொல்லி வைத்தாள். மொட்டை போடவேண்டாம், மிஷின் சத்தத்துக்குக் கத்துவான், கத்தரிக்கோலால் கொஞ்சம் முடி எடுத்தால் போதும். கொட்டு வேண்டாம், வெடி வேண்டாம். தீயை அவன் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள், கையைப் பிடித்துச் சேர்த்து வையுங்கள். அப்பா எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். கடைசியில், "வேற எதாச்சும் பேசேன்" என்றார். அம்மா கொஞ்சம் யோசித்து, "வண்டிக்கு டயர் மாத்தணும்னீங்களே, மாத்தியாச்சா?" என்று கேட்டாள்.

மூன்று சுற்றும் ஒழுங்காக வந்த வாரமே அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மறுபடி மஞ்சள். பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "டீச்சர், அவன் நாளைக்கு வருவான்" என்றாள். அதற்கப்புறம் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. ஒரு நாள் காலை நான் முகம் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் என் கையிலிருந்து துணியை வாங்கி வைத்தார். எனக்குப் புரிந்தது. நான் போய்ப் பிளாஸ்கைக் கழுவினேன். தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் கழுவிப் பையில் வைத்தேன்.

வீட்டில் கூட்டம். பெரியப்பா ரமேசைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"அண்ணே, பூபதிதான் தூக்குறான்."

"வெவரமாப் பேசுடா. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. அவ சொல்லிக்குடுத்துட்டுத்தான் போயிருக்கா."

பெரியப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சரி. ரமேசு, நீ தம்பிக்குப் பக்கத்துல நில்லு" என்றார்.

பெண்கள் நாங்கள் தெரு முனையோடு நின்றுவிட்டோம். தம்பி மாமா கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். அத்தைமார்கள் அவன் பெயரைச் சொல்லி அழுதார்கள். அவன் திரும்பவில்லை. சுடுகாட்டில் நடந்தது மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்து குளித்த ஈரத்தோடு கொல்லையில் உட்கார்ந்து சொன்னார்.

"மொதச் சுத்து ஜம்முன்னு போனான்டி. சுத்து முடிஞ்சதும் சடங்கு செய்ற ஆளு கத்திய வச்சுக் கொடத்துல ஒரு கொத்து. தண்ணி பீச்சியடிக்குது. நம்மாளு நின்னுட்டான்."

குடத்தில் ஓட்டை போடுவார்கள் என்பதை அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியிலிருந்து முன்னால் வரும் பாடத்தில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது. பிளாஸ்டிக் குடத்தில் யார் ஓட்டை போடுவது?

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒழுகுதுல்ல. கைய வச்சு அடைச்சுக்கிட்டான். ரெண்டாவது கொத்து. அதயும் இன்னொரு கையால அடைச்சிட்டான். கொடம் தோள்லருந்து நெஞ்சுக்கு வந்துருச்சு. கட்டிப் புடிச்ச மாதிரி வச்சுக்கிட்டு மூணாவது சுத்தும் சுத்துறான். அந்தாளு கத்திய வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. கையெடுடா மாப்ளங்கிறேன், எடுக்க மாட்டேங்கிறான். ஒங்க பெரியப்பாதான், விடுறா, அவன் இஷ்டத்துக்குச் சுத்தட்டும்னாரு. அழுதுட்டாரு மனுசன்."

"கொடம் ஒடஞ்சுச்சா?"

"எங்கிட்டு ஒடைய? மெதுவா எறக்கி வச்சான். சொட்டுச் சொட்டா ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, அதயே பாத்துக்கிட்டு இருந்தான். ஒங்கப்பாதான் கால வச்சுத் தள்ளிவிட்டாரு. கொள்ளி வச்சாங்க, ரெண்டு பேரு கையும் சேத்துப் புடிச்சு. அப்புறம் நடந்தான் பாரு."

மாமா ஈரத் தலையைத் துண்டால் துவட்டினார்.

"திரும்பல. நாங்க அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தோம், அவன் பாக்கல. போய்க்கிட்டே இருக்கான். குளிக்கிற எடம் தாண்டிட்டான். மாப்ள, மாப்ளன்னு கத்துறேன். கூப்புடக் கூப்புட வேகமாப் போறான். ரோட்டுக்கே போயிட்டான்டி. ரமேசு ஓடிப்போயி முன்னாடி நின்னு மறிச்சான்."

சட்டைப் பையில் வைத்திருந்த கடலை மிட்டாயை மாமா அங்கேதான் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரி பில், காப்பீடு, சான்றிதழ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை எழுதவில்லை. அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

இப்போது நான் கம்பெனிக்கு அரை நாள்தான் போகிறேன். மதியத்துக்கு மேல் வீட்டில் பாடம். அவன் சட்டை போடுகிறான், சாப்பிடுகிறான், எல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ரோட்டில் லாரி வரும்போது கூப்பிட்டாலும் தோளைக் குறுக்கிக்கொண்டு நேராக நடக்கிறான். மையத்து டீச்சர், பாடத்தை ரொம்ப நன்றாகப் படித்துவிட்டான், இனி மாற்றித்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றார்.

அதனால் தினமும் அவனை வீட்டுக்கு முன்னால் நிற்கவைத்து நடக்கச் சொல்கிறேன். பின்னாலிருந்து கூப்பிடுகிறேன். திரும்பினால் மிட்டாய். இதுவரைக்கும் திரும்பவில்லை. நானே ஓடிப்போய் முன்னால் நின்று, முகத்தை என் பக்கம் திருப்பி, மிட்டாயைக் கொடுத்துவிட்டு வருகிறேன். கடைசித் துண்டு அதுதானே, முகத்தைப் பார்ப்பது.

நேற்று, "சாமி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நான் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் நடக்காமல் நின்றான். திரும்பவில்லை, ஆனால் நின்றான். நான் கை தட்டினேன்.